ஒரு லட்சம் ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு பூல் மேசை: எட்டடியா, ஏழடியா?

மாடிவீட்டுக்காரர் கேட்டது:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஓர் அறையை விளையாட்டு அறையாக மாற்றும் வேலையில் இருக்கிறோம். கேரம் பலகையும் சதுரங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்துள்ள மகனும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் பந்துகளைக் கோலால் அடித்துக் குழிகளில் விழச்செய்யும் பூல் ஆட்டத்துக்கான மேசைதான் வேண்டும் என்று ஒரே குரலில் கேட்கிறார்கள். அவர்கள் ஒரே குரலில் எதையும் கேட்பது அரிது என்பதால் நாங்களும் ஒப்புக்கொண்டோம். மேசை, வண்டி வாடகை, பொருத்துக்கூலி, பந்து, கியூ என்னும் அடிகோல் அனைத்தும் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் உறுதி.

வைப்பதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. முதல் மாடியில் கான்கிரீட் கூரையுள்ள ஓர் அறை. அதன் உள்ளளவு 16 அடிக்கு 12½ அடி. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். அது 22 அடிக்கு 15 அடி, மூன்று பக்கம் சுவர், நான்காம் பக்கம் இரும்புக் கிராதி. பார்த்துவந்த மேசைகள் மூன்று. முதலாவது, எம்டிஎஃப் என்னும் மரநார்ப் பலகையால் ஆன புதிய எட்டடி மேசை, 64,000 ரூபாய். மேலே வைத்து டேபிள் டென்னிஸ் ஆடுவதற்கான பலகையும், கியூக்களும், பந்துகளும் இலவசம் என்கிறார்கள். இரண்டாவது, முக்கால் அங்குல ஸ்லேட் கல் போட்ட புதிய ஏழடி மேசை, வேலைப்பாடு ஏதுமில்லாதது. வீட்டில் கொண்டுவந்து பொருத்தித் தர 88,000 ரூபாய், பந்தும் கியூவும் தனி. மூன்றாவது, மூடப்படவிருக்கும் ஒரு கிளப்பில் உள்ள பழைய எட்டடி மேசை, மூன்று துண்டு ஸ்லேட், 50,000 ரூபாய். கழற்றுவதும் ஏற்றிவருவதும் துணி மாற்றுவதும் நம் பொறுப்பு.

விற்பனையாளர்கள் எல்லோரும் எட்டடியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். என் மைத்துனரோ வாங்குவதென்றால் ஸ்நூக்கர் மேசை வாங்குங்கள், மற்றதெல்லாம் பொம்மை என்கிறார். மாடித் தளம் எடையைத் தாங்குமா என்ற அச்சம் என் மனைவிக்கு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரசமட்டம் எழுதியது:

விலைகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அறையை அளப்போம், ஐயா. உங்கள் கேள்வியில் பாதிக்கு அறையே விடை சொல்லிவிடுகிறது.

எட்டடி, ஏழடி என்பவை மேசையின் பெயர்களே தவிர ஆடுகளத்தின் அளவுகள் அல்ல. ஒரு பக்கத்துக் குஷனின், அதாவது பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பின், மூக்கிலிருந்து எதிர்ப்பக்கத்துக் குஷனின் மூக்கு வரை அளந்தால் எட்டடி மேசையின் ஆடுகளம் 88 அங்குலத்துக்கு 44 அங்குலமும், ஏழடி மேசையின் ஆடுகளம் பெரும்பாலும் 78 அங்குலத்துக்கு 39 அங்குலமும் இருக்கும். வெளிச்சட்டத்தை அளந்து ஏழடி என்று விற்பவர்களும் உண்டு. அத்தகைய மேசையில் ஆடுகளம் 72 அங்குலம் அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், எந்தக் கடையிலும் மூக்குக்கு மூக்கு அளவையே கேட்டு வாங்குங்கள். வழக்கமான கியூ 57 அல்லது 58 அங்குல நீளம் உடையது. பந்து குஷனை ஒட்டி நிற்கும்போது கியூவின் முழு நீளமும் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கும். அடிப்பதற்காகப் பின்னால் இழுக்க இன்னும் ஆறு அங்குலமாவது வேண்டும்.

இந்தக் கணக்கை உங்கள் முதல் மாடி அறையில் போட்டுப் பாருங்கள். 16 அடி என்பது 192 அங்குலம், 12½ அடி என்பது 150 அங்குலம். எட்டடி மேசையை நடுவில் வைத்தால் நீளவாக்கில் இருபுறமும் 52 அங்குலமும் அகலவாக்கில் 53 அங்குலமும்தான் மிஞ்சும். அதாவது எந்தச் சுவர்ப் பக்கம் நின்றாலும் கியூவின் அடிப்பகுதி சுவரில் இடிக்கும். ஏழடி மேசையென்றால் நீளவாக்கில் 57 அங்குலமும் அகலவாக்கில் 55½ அங்குலமும் கிடைக்கும். இதுவும் தாராளமன்று. ஆனாலும் பந்து குஷனிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும்போதெல்லாம் முழுக் கியூவால் ஆடலாம். ஒட்டி நிற்கும் பந்துக்கு மட்டும் 48 அங்குலக் குட்டைக் கியூ ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஆகவே அந்த அறைக்கு எட்டடி என்ற பேச்சே எழக் கூடாது. விற்பனையாளர்கள் அதைச் சொல்வது உங்கள் அறையைப் பார்க்காததால்தான்.

மொட்டை மாடிக் கூடத்தில் எட்டடி மேசை ஏறத்தாழச் சரியாக அடங்கும் என்பது உண்மை. ஆனால் தகரக் கூரையும் கிராதியும் உள்ள இடம் பூல் மேசைக்குப் பகை. சித்திரை வைகாசியில் அந்தக் கூரையின் கீழ் பிற்பகலில் நிற்கவே முடியாது என்பது ஒருபுறமிருக்க, அவ்வளவு வெப்பத்தில் குஷன் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும், அதை மரத்தோடு ஒட்டியுள்ள பசையும் விட்டுப்போகும். ஐப்பசி கார்த்திகையில் கிராதி வழியே சாரல் அடிக்கும். துணி கம்பளி கலந்தது. ஈரத்தைக் குடித்தால் பந்து சோம்பி உருளும், காய்ந்தபின் துணி தளர்ந்து சுருக்கம் விழும். கிராதிக்குக் கண்ணாடிச் சன்னல் போட்டு, கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்போடு உட்கூரையும் அமைத்தால் நிலைமை மாறும். ஆனால் அந்தச் செலவு மேசையின் விலையை எட்டிப் பிடித்துவிடும்.

எடையைப் பற்றி உங்கள் மனைவி அஞ்சுவது நியாயமே, ஆனால் கணக்கு சாதகமாகத்தான் இருக்கிறது. முக்கால் அங்குல ஸ்லேட் ஏழடி மேசைக்கு ஏறத்தாழ 130 கிலோ வரும். சட்டம், கால், குஷன் எல்லாம் சேர்த்தால் 250 முதல் 300 கிலோ. குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. மேசை அடைக்கும் இடம் மூன்று சதுர மீட்டர் என்று கொண்டால் சராசரிச் சுமை அதில் பாதியளவே. ஒவ்வொரு காலும் 70 கிலோ அளவில் அழுத்தும்; துணிமணி நிரம்பிய இரும்பு பீரோவின் கால்களும் ஏறக்குறைய அவ்வளவு அழுத்துகின்றன. கட்டடம் பழையதாகவோ, தளத்தின் அடியில் விரிசலோ கம்பி துருவோ தெரிவதாகவோ இருந்தால் மட்டும் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். டைல்ஸ் தரையென்றால், கால்கள் நிற்கப்போகும் இடங்களில் நாணயத்தால் தட்டிப் பார்த்து, உள்ளே கூடாக ஒலிக்கும் டைல்ஸைப் பொருத்துநர் வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இப்போது மேசைக்கு வருகிறேன். பூல் மேசையின் விலை எங்கே போகிறது என்று பார்த்தால், கண்ணில் படும் மரவேலைப்பாடு, காலின் செதுக்கல், பந்து விழும் தோல் பாக்கெட் ஆகியவற்றுக்கே பெரும்பங்கு போகிறது. ஆட்டத்தைத் தீர்மானிப்பவையோ துணிக்கு அடியில் இருக்கும் தளமும் குஷனுக்குள் இருக்கும் ரப்பரும். கேரம் காய் வழுக்கிச் செல்வது, அதிலும் மாவு தூவிய பலகையில் செல்வது. சிறு மேடுபள்ளத்தை அது பொருட்படுத்தாது. உருளும் பந்து அப்படியன்று. தளம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் மெல்ல அடித்த பந்து கடைசி ஓரடியில் அந்தப் பக்கம் வளைந்துவிடும், ஆடுபவர் தம் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஸ்லேட் கல்லின் சிறப்பு அது எளிதில் சமமாக இழைக்கக்கூடியது, ஈரத்தால் உப்பாது, தன் எடையாலேயே அசையாமல் நிற்கும் என்பதில் இருக்கிறது. போட்டிகளுக்கான மேசையில் ஓர் அங்குலக் கனம் கேட்பார்கள். வீட்டுக்கு முக்கால் அங்குலம் போதும். எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஈரத்தில் உப்பினால் மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. நீளம் கூடக்கூட நடுவில் தொய்வும் கூடும். அதனால் எம்டிஎஃப் மேசையிலேயே மோசமான தேர்வு எட்டடி எம்டிஎஃப். உங்கள் முதல் விலைப்பட்டியலில் இருப்பது அதுதான். டேபிள் டென்னிஸ் பலகை இலவசம் என்பதற்காக அதை வாங்காதீர்கள். உங்கள் அறையில் பந்தடிக்கப் பின்னால் நகர இடமும் இல்லை.

உங்கள் மைத்துனருக்கு ஒரு செய்தி. ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே தோன்றி, 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் என்பதால் அவருடைய பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் முழு அளவு ஸ்நூக்கர் மேசையின் ஆடுகளமே 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். கியூவுக்கும் இடம் விட்டால் 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். உங்கள் மொட்டை மாடிகூட அதற்குப் போதாது. ஏழடி மேசையில் சிறு பந்துகளைப் போட்டு ஸ்நூக்கர் ஆடலாமே என்று அவர் அடுத்துச் சொல்வார். அதற்கும் இணங்காதீர்கள். பூல் பந்தின் விட்டம் 57.2 மி.மீ.; குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காட்டில் தொடுமாறு பொருத்தப்படுகிறது. அதே குஷனில் 52.5 மி.மீ. ஸ்நூக்கர் பந்து மோதினால் மூக்கு பந்தை மேலிருந்து அமுக்கும்; பந்து துள்ளும், திரும்பி வரும் கோணமும் தவறும்.

ஆகவே என் பரிந்துரை இரண்டாவது மேசைதான், முதல் மாடி அறையில். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் கடையில் பொருத்தி வைத்திருக்கும் அதே வகை மேசையைச் சோதித்துப் பாருங்கள். பாக்கெட்டின் வாய்க்குள் விரலை விட்டுத் தளத்தின் ஓரத்தைத் தொட்டால் கல்லா பலகையா என்பது தெரிந்துவிடும். கனத்தையும் அங்கேயே அளக்கலாம். சிலர் பளிங்குக் கல்லையும் ஸ்லேட் என்றே சொல்லி விற்கிறார்கள். நன்றாக இழைத்த பளிங்கு ஆட்டத்துக்குக் கெடுதியன்று, ஆனால் ஸ்லேட்டின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. குஷனைச் சோதிக்க, ஒரு பந்தை நீளவாக்கில் பலமாக அடியுங்கள். நல்ல ரப்பர் என்றால் பந்து மேசையின் நீளத்தை நான்கு முறையாவது கடக்கும். இரண்டரை முறையில் நின்றால் விட்டுவிட்டு வாருங்கள். மட்டத்தைச் சோதிக்க, குஷனை ஒட்டியும் நடுவிலும் குறுக்காகவும் பந்தை மிக மெதுவாக உருட்டி, நிற்கப்போகும் தறுவாயில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள்.

கோடம்பாக்கம் கியூ எழுதியது:

ரசமட்டம் சொன்னதில் எனக்கு வேறுபாடில்லை. பழைய மேசையை அவர் அதிகம் பேசாமல் கடந்துவிட்டார் என்பதால் எழுதுகிறேன். ஸ்லேட்டுக்கு வயதில்லை. இருபது ஆண்டு ஆடிய மேசையிலும் கல் அப்படியேதான் இருக்கும். தேய்வது துணியும் ரப்பரும். அதனால் குறைந்த பணத்தில் நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் பழைய ஸ்லேட் மேசைக்கு ஈடு கிடையாது. உங்கள் துரதிர்ஷ்டம், கிடைத்திருப்பது எட்டடி. சிறிது காலம் காத்திருக்க முடியுமானால் பழைய ஏழடி மேசை தேடிப் பாருங்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் கவனிக்க வேண்டியது, அது பொருத்தப்பட்டு நிற்கும் நிலையில் ஆடிப் பார்த்த பின்பே விலை பேசுவது. கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் மேசையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. குஷனைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி உடனே மீள வேண்டும். கட்டைபோல் இருந்தால் ஆறு குஷன்களுக்கும் ரப்பர் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கால்களின் அடிப்பக்கத்தையும் சட்டத்தின் உட்பக்கத்தையும் ஆணியால் குத்திக் கரையான் பாருங்கள். கழற்றுபவரும் திரும்பப் பொருத்துபவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். மூன்று துண்டுக் கல்லுக்கும் எண் போட்டு, எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டே கழற்றச் சொல்லுங்கள். திரும்ப வைக்கும்போது துண்டுகளின் இணைப்பை மெழுகாலோ பட்டியாலோ நிரப்பித் தேய்த்துச் சமன்செய்த பின்பே துணி போட வேண்டும். அவசரத்தில் இந்த வேலையைத் தவிர்த்தால், அந்த இணைப்புகளின் மேல் உருளும் ஒவ்வொரு பந்தும் கடகடவென்று அதைச் சொல்லிக்காட்டும்.

சாந்தோம்காரி எழுதியது:

எம்டிஎஃப் மேசைக்காக ஒரு வார்த்தை பேச அனுமதியுங்கள். எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் உள்ளது. பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் படித்தபோது ஆறடி எம்டிஎஃப் மேசை ஒன்று வாங்கினோம். சுவரோடு மடித்துச் சாத்தும் வகை. அவர்கள் கியூவைப் பிடிக்கவும், பந்தை நேராகப் பார்த்து அடிக்கவும், தோற்றால் அழாமல் இருக்கவும் அதில்தான் கற்றார்கள். அந்த வயதுக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆர்வம் தங்குமா என்று தெரியாத நிலையில் லட்ச ரூபாயை இறக்குவதைவிடச் சிறு மேசையில் தொடங்குவதில் தவறில்லை.

ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகு பாக்கெட்டுகளின் ஓரத்தில் பலகை உப்பித் துணியைத் தூக்கிக்கொண்டது; வெட்டுவாய் பூச்சில்லாமல் இருந்த இடங்கள் எல்லாம் ஈரத்தை இழுத்துக்கொண்டன. திருகாணிகளும் துருவேறின. மேசையைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்து, ஆடாத நேரத்தில் உறை போட்டு மூடிய பிறகுதான் மேற்கொண்டு சேதமாகாமல் நின்றது. உங்கள் பிள்ளைகள் பெரியவர்கள் என்பதால் சிறிய மேசை அவர்களுக்குச் சலித்துவிடும்; எனவே உங்களுக்கு ஸ்லேட்தான் சரி. சிறு குழந்தைகள் உள்ள வேறு யாரேனும் இதைப் படித்தால், எம்டிஎஃப் வாங்குவதானால் ஏழடிக்கு மேல் போக வேண்டாம் என்றும், கால்களுக்கு மட்டம் திருத்தும் திருகு உள்ளதா என்று பார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை முதல் மாடி அறையில் பழைய செய்தித்தாள்களை ஒட்டி 78 அங்குலத்துக்கு 39 அங்குலம் அளவில் தரையில் விரித்து, நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய கியூவோடு நால்வரும் சுற்றிச் சுற்றி நின்று பார்த்தோம். ரசமட்டம் கணக்கிட்டபடியே இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் சுவர் அலமாரியின் கதவு திறந்தால் இடிக்கிறது; அதை நகர்த்தும் கதவாக மாற்றிவிடலாம் என்று மனைவி சொல்கிறார். எட்டடி ஆசையை விட்டுவிட்டோம். மைத்துனரிடம் ஊட்டி கிளப் செய்தியைச் சொன்னேன். அது தமக்கு முன்பே தெரியும் என்றார்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. எங்கள் மாடிப்படி இடையில் திரும்பும் வகை, அகலம் மூன்றடி. ஏழடி மேசையின் கல் ஒரே துண்டு என்று கடைக்காரர் சொல்கிறார், அது ஏறுமா? அறையின் நடுவில் மின்விசிறி தொங்குகிறது, அதைக் கழற்றிவிட வேண்டுமா? 88,000 ரூபாய் மேசைக்குப் போனபின் மிஞ்சும் 12,000 ரூபாயில் பந்து, கியூ, விளக்கு எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது?

ரசமட்டம் எழுதியது:

செய்தித்தாள் விரித்துப் பார்த்தது மிக நல்ல காரியம். கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதைச் செய்துவிட்டுப் போனால் விற்பனையாளர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

ஒரே துண்டுக் கல் என்பதில் நன்மை உண்டு, இணைப்பு நிரப்பும் வேலை இல்லை. ஆனால் ஏழடி நீளமும் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி அகலமும் 130 கிலோ எடையும் உள்ள கல்லைப் படுக்கவைத்து எடுத்துப்போக முடியாது. விளிம்பில் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். மூன்றடி அகலப் படியில் நேராக ஏறும்வரை சிரமமில்லை, திரும்பும் இடத்தில்தான் சிக்கும். அந்தத் திருப்பத்தில் சதுரமான மேடை இருந்தாலும் ஏழடிக் கல்லை அங்கே திருப்ப, கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏந்திப் பிடித்தாக வேண்டும். ஆறு பேர் சேர்ந்து செய்தாலும் ஆபத்தான வேலை அது. ஓரம் எங்கேனும் இடித்தால் ஸ்லேட் ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். எனவே கடைக்காரரிடம் மூன்று துண்டுக் கல்லாகத் தர முடியுமா என்று கேளுங்கள். துண்டு ஒன்றுக்கு 45 கிலோ என்றால் இருவர் தூக்கிப்போவார்கள். ஒரே துண்டுதான் என்றால், மாடி முன்பக்கத்தில் பால்கனிக் கதவு இருந்தால் வெளியிலிருந்து கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றுவது ஒரு வழி. எப்படியாயினும் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் படியை அளந்து பார்த்துவிட்டுத்தான் முன்பணம் வாங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். மாடிக்கு ஏற்றும் கூலி அந்த 88,000 ரூபாயில் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டியிலிருந்து இறக்குவது வரைதான் எங்கள் பொறுப்பு என்று கடைசி நேரத்தில் சொல்வது இந்த வியாபாரத்தில் வழக்கம்.

மின்விசிறியைப் பொறுத்தவரை, அதன் காற்றால் பந்து நகராது. ஒரு பந்தின் எடை 156 முதல் 170 கிராம். தொல்லை இரண்டு வகையில் வரும். விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் மேசையில் ஓடிக்கொண்டேயிருந்து கண்ணைக் கெடுக்கும். பந்துக்கு மேலிருந்து கியூவைச் செங்குத்தாகப் பிடித்து அடிக்கும்போதும், அடித்துவிட்டுக் கியூவைத் தோளில் சாய்த்து நிமிரும்போதும் இறக்கையில் படும். ஆகவே நடு விசிறியைக் கழற்றிவிட்டு, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சுவர் விசிறிகளை ஏழடி உயரத்துக்கு மேல் மாட்டிவிடுங்கள். நடுவில் காலியாகும் கொக்கி விளக்குக்குப் பயன்படும்.

விளக்கு தனிப் புள்ளியாக இருந்தால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பக்கம் கரிய நிழல் விழும். மேசையின் நீளத்துக்கு இணையாக நான்கடி எல்இடி குழல்விளக்கு இரண்டைப் பக்கத்துக்கொன்றாகத் தொங்கவிட்டால், நிழல்கள் ஒன்றையொன்று அழித்து ஆடுகளம் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் பரவும். தளத்திலிருந்து மூன்றடி உயரத்தில் அவை இருக்கட்டும். மகன் உயரமானவர் என்றால் இன்னும் நான்கைந்து அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம். விளக்கு பளிச்சென்று கண்ணில் அடிக்காதபடி இருபுறமும் மறைப்புத் தகடு வேண்டும். உள்ளூர் மின்பணியாளரே இதை மிகக் குறைந்த செலவில் செய்துவிடுவார். பூல் மேசைக்கென்று விற்கும் வண்ணக் கண்ணாடி விளக்குகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

மிஞ்சும் பணத்தில் பெரும்பங்கைப் பந்துக்கு ஒதுக்குங்கள். பீனாலிக் பிசினால் ஆன பந்துகள் பாலியெஸ்டர் பந்துகளைவிட நீண்ட காலம் உருண்டை குலையாமல் இருக்கும், துணியையும் குறைவாகவே தேய்க்கும். பெல்ஜியத்தில் தயாராகும் அராமித் இவற்றில் பெயர்பெற்றது. அதன் தொடக்கநிலைத் தொகுப்பே வீட்டுக்குத் தாராளம். அந்தப் பெயரில் போலிகளும் விற்கப்படுவதால் தெருவோர விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கியூவில் சிக்கனம் பிடிக்கலாம். சாதாரண மரக் கியூ இரண்டும், அகலவாட்டுக்காக 48 அங்குலக் குட்டைக் கியூ ஒன்றும் போதும். கடையிலேயே மேசை மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். நுனி மேலும் கீழும் எம்பினால் கோணல். வாங்கிய பின் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் தாங்கியில் நேராக மாட்டுங்கள். பிள்ளைகள் தத்தமக்கென்று நல்ல கியூ கேட்கும் நாள் வரும், அப்போது வாங்கிக்கொடுக்கலாம்.

துணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் கேட்பார். கம்பளியும் நைலானும் கலந்த துணியே வீட்டுக்கு ஏற்றது. சிமோனிஸ் போன்ற பெல்ஜியத் துணி பந்தை மிக வேகமாக ஓடவிடும்; விலையும் அதற்கேற்றபடி இருக்கும், கற்றுக்கொள்பவர்களுக்கு அந்த வேகம் இப்போதைக்குத் தேவையில்லை. முதல் துணி தேய்ந்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். கியூவின் நுனியில் தேய்க்கும் சாக்கின் பொடியை வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளி எடுத்துவிடுவதும், வெயில் நேராக விழும் சன்னலுக்குத் திரை போடுவதும் அதன் ஆயுளைக் கூட்டும்.

பொருத்தி முடித்த அன்று மட்டம் சரியாக இருந்தாலும், புது மரச் சட்டம் சென்னை ஈரத்துக்குப் பழகுவதற்குள் சிறிது அசையும். அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை இலவசமாக வந்து ரசமட்டம் வைத்துத் திருத்தித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கல்லின் கனமும் ஆடுகளத்தின் மூக்குக்கு மூக்கு அளவும் அதே ரசீதில் இருக்கட்டும்.